தெரிஞ்ச ஊர், புது ஃபைல்

"தெரிஞ்ச ஊர்தானே, தெரிஞ்ச ஸ்கூல்தானே, இனி என்ன புதுசா?" துபாயிலோ ஷார்ஜாவிலோ சில வருஷம் பாடம் நடத்திவிட்டு ஊருக்குத் திரும்பி, இரண்டு மூன்று வருஷம் இங்கே இருந்து பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே கிளம்பும் ஆசிரியத் தம்பதிகளில் பெரும்பாலோர் வாயிலிருந்து வரும் பேச்சு இது. வீட்டுக் கடன் முடியவில்லை, பிள்ளையின் கல்லூரிச் செலவு நெருங்குகிறது, இங்குள்ள மெட்ரிக் பள்ளிச் சம்பளத்தில் இரண்டு பேர் உழைத்தாலும் மாதக் கடைசியில் கை வெறுங்கையாகிறது. காரணங்களை விரித்துச் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். என்னை உறுத்துவது அந்தத் "தெரிஞ்ச ஊர்தானே". அந்த நம்பிக்கையில்தான் முதல் தடவை போனபோது வரிவரியாகப் படித்த காகிதங்களை இரண்டாம் தடவை புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அதிலும் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் சேரும்போது ஒரு காகிதத்தைத்தான் கவனமாகப் படிக்கிறார்கள், கணவருடையதை. மனைவியின் காகிதம் பின்னாலேயே வால்போல வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பணமும் போகிறது, உரிமையும் போகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளை மட்டும் வைத்துப் பேசுகிறேன். ஓமன், கத்தார், சவூதி எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சட்டம். ஒன்றில் செல்லுபடியாவது இன்னொன்றில் செல்லாது.

விடுப்பா, ராஜினாமாவா?

திரும்பிப் போவதைப் பற்றிய முதல் முடிவு, ஊருக்கு வரும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு, பிரசவம் என்று ஏதோ ஒன்றுக்காக ஒரு வருஷம் ஊரில் இருக்க வேண்டிவரும். ராஜினாமா செய்துவிட்டு வருவதுதான் வழக்கம். பள்ளி சம்மதித்தால் சம்பளமில்லா நீண்ட விடுப்பு என்று ஒரு வழி இருக்கிறது. பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

அமீரகத் தொழிலாளர் சட்டப்படி (2021-ல் வந்து 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருப்பது) ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக் கிராஜுவிட்டி, அதாவது வேலையைவிட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, உண்டு. முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக் (படிகள் சேராத அடிப்படை) சம்பளம், அதற்குமேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். கணக்கு கடைசியாக வாங்கிய பேசிக்கின்மேல் போடப்படும். சம்பளமில்லாமல் விடுப்பில் இருந்த நாட்கள் சேவைக் கணக்கில் சேராது, ஆனால் சேவை அறுந்துபோவதில்லை. ராஜினாமா செய்தால் அறுந்துவிடும். திரும்பிச் சேரும்போது மறுபடி முதல் வருஷம், மறுபடி 21 நாள்.

எண்ணில் பார்த்தால் உறைக்கும். ஒருவர் 5 வருஷம் வேலை பார்த்து 3,000 திர்ஹாம் பேசிக்கில் ராஜினாமா செய்கிறார். ஒரு நாள் சம்பளம் 100. 105 நாளுக்கு 10,500 திர்ஹாம் வாங்கிக்கொண்டு வருகிறார். பிறகு அதே பள்ளியில் சேர்ந்து 3 வருஷம் இருக்கிறார், கடைசி பேசிக் 4,000. 63 நாளுக்கு 8,400. இரண்டும் சேர்ந்து 18,900. இதே ஆள் நடுவில் விடுப்பில் மட்டும் வந்திருந்தால் 8 வருஷச் சேவைக்கு 195 நாள், அதுவும் மொத்தமும் 4,000 பேசிக்கில், 26,000 திர்ஹாம். வித்தியாசம் 7,100. தம்பதி இரண்டு பேர் என்பதை மறக்க வேண்டாம். இந்த இழப்பு வீட்டுக்குள் இரண்டு தடவை நடக்கிறது.

விடுப்பிலும் ஒரு முள் இருக்கிறது. அமீரக ரெசிடென்ஸ் விசா உள்ளவர் தொடர்ந்து 180 நாளுக்குமேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். காரணத்தைக் காட்டி மறுநுழைவு அனுமதி கேட்கலாம், கட்டணமும் அபராதமும் உண்டு, கிடைத்தே தீரும் என்று இல்லை. அதனால் ஒரு வருஷ விடுப்பு எடுப்பவர்கள் ஐந்தாவது மாதத்தில் ஒரு முறை போய் இறங்கி நாலு நாள் இருந்துவிட்டு வருவது நல்லது. மலிவான டிக்கெட் பார்த்தால் அந்தச் செலவு மேலே சொன்ன 7,100-க்குப் பக்கத்தில்கூட வராது. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் விடுப்பு கிடைத்து இன்னொருவர் ராஜினாமா செய்ய வேண்டியிருந்தால், யாருக்குச் சேவை வருஷம் அதிகமோ, யாருடைய பேசிக் பெரியதோ அவருடைய சேவையைக் காப்பாற்ற வேண்டும். அது பல சமயம் மனைவியாக இருக்கும். ஆனாலும் விடுப்பு கணவருக்கும் ராஜினாமா மனைவிக்கும் என்றே வழக்கத்தில் முடிகிறது. இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவெடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ராஜினாமா செய்துவிட்டுப் பழைய பள்ளிக்கே திரும்புகிறவர்களுக்குச் சாதகமான விதி ஒன்றும் இருக்கிறது. தகுதிகாண் காலம் அதிகபட்சம் 6 மாதம். ஒரே முதலாளியிடம் ஒருவரை இரண்டு தடவை தகுதிகாண் காலத்தில் வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆஃபர் லெட்டரில் வழக்கமான அச்சுப்படி "6 மாதம்" என்று வந்திருந்தால் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். தகுதிகாண் காலத்தில் 14 நாள் முன்னறிவிப்போடு வேலையைவிட்டு அனுப்பிவிடலாம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இனிஷியல் செய்யும் வேலை

பழைய டிகிரி, பி.எட். சான்றிதழ்களின் பின்பக்கம் ஏற்கெனவே ஒட்டிய முத்திரைகள் காலாவதி ஆவதில்லை. மாநில அரசு, தில்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக இருந்தால் அந்தக் காகிதத்தைத் தொட வேண்டாம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஊரில் இருந்த காலத்தில் புதிதாக எம்.எட். முடித்திருந்தால் அதற்கு மட்டும் அட்டெஸ்டேஷன் செய்தால் போதும். இங்கே நடக்கும் பெரிய தப்பு அப்போஸ்டில். இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அந்தச் சதுர ஸ்டிக்கர் ஓமனுக்கும் பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் போதும், அவை அப்போஸ்டிலை ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. அமீரகம் இல்லை. அதற்குச் சாதாரண அட்டெஸ்டேஷனும் தூதரக முத்திரையும் வேண்டும். "கல்ஃபுக்கு" என்று மட்டும் சொல்லி ஏஜென்சியிடம் காகிதத்தைக் கொடுத்தால் அப்போஸ்டிலோடு திரும்பி வரலாம். பணமும் மூன்று வாரமும் போனபிறகுதான் தெரியும்.

திரும்பிப் போகிறவர்களுக்கு முத்திரையைவிடப் பெரிய தலைவலி பெயர். அதுவும் தமிழ்ப் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே பல்கலைக்கழகம் டிகிரியில் அச்சடிக்கும்: செல்வி ஆர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தாக வேண்டும் என்பதால் முதல் பாஸ்போர்ட்டில் இயற்பெயர் செல்வி, குடும்பப்பெயர் ராமசாமி. அந்தப் பெயரில்தான் முதல் விசா, முதல் லேபர் கார்டு, கல்வித் துறையின் அனுமதி எல்லாம் ஏறியிருக்கும். ஊருக்கு வந்த இடைவெளியில் பாஸ்போர்ட் காலாவதி ஆகிறது. புதுப்பிக்கப் போகும் இடத்தில் யாரோ சொல்வார்கள், "கல்யாணம் ஆயிடுச்சே, வீட்டுக்காரர் பேரைப் பின்னாடி போட்டுடுங்க, ஃபேமிலி விசாவுக்கு ஈஸி." புது பாஸ்போர்ட் செல்வி முருகன் என்று வருகிறது. இப்போது டிகிரியில் ஒரு பெயர், பழைய அமீரகப் பதிவில் ஒரு பெயர், கையில் இருப்பதில் ஒரு பெயர். மூவரும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் வாங்கி, அதற்கும் முத்திரை வரிசையை ஏறி இறங்கி, அதற்குள் பள்ளி வேறு ஆளைப் போட்டுவிடும்.

இது முழுக்கத் தவிர்க்கக் கூடியது. கணவர் பெயரைக் குடும்பப்பெயராகப் போட வேண்டிய அவசியம் எங்கும் இல்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைத் துணையின் பெயருக்கு என்றே ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெயர் இருந்து, அட்டெஸ்டேஷன் செய்த திருமணப் பதிவுச் சான்றிதழும் இருந்தால் குடும்ப விசாவுக்கு அதுவே போதும். குடும்பப்பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடுவதும் கூடாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. முதலில் விசிட்டில் போய் இறங்கி அங்கே நேர்முகத் தேர்வு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் சென்னை விமான நிலையத்திலேயே நிற்க நேரலாம்.

மார்க் ஷீட்டில் "இன்டர்னல்", "எக்ஸ்டர்னல்" என்று இரண்டு பத்தி இருக்கும் அல்லவா, அகமதிப்பீடு, தேர்வு மதிப்பெண். நமக்கு அது தினசரிச் சொல். அங்கே தகுதி இணைச் சான்றுக்கு (நம் டிகிரி அவர்கள் டிகிரிக்குச் சமம் என்று தரும் சான்று) போகும்போது "எக்ஸ்டர்னல்" என்பதைத் தொலைநிலைக் கல்வி என்று படித்துவிட்டுப் பல இந்திய ஆசிரியர்களின் விண்ணப்பங்கள் நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. அதனால் பல்கலைக்கழகத்தில் வாங்கும் உண்மைத்தன்மைச் சான்றில் "முழுநேர வகுப்பு" என்ற வரி தெளிவாக இருக்க வேண்டும். அஞ்சல்வழியில் எம்.ஏ. முடித்தவர்கள் அதை மறைக்காமல், நேரடி வகுப்பில் படித்த இளங்கலையும் பி.எட்.டும் தங்கள் பாடத்துக்குப் போதுமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். துபாயில் அறிவு மற்றும் மனிதவள மேம்பாட்டு ஆணையம், அபுதாபியில் அடெக் என்ற கல்வித் துறை, ஷார்ஜாவில் தனியார் கல்வி ஆணையம் என்று எமிரேட்டுக்கு எமிரேட் அனுமதி வேறு. ஷார்ஜாவில் ஆறு வருஷம் பாடம் நடத்தியது துபாயில் அனுபவமாகக் கணக்கில் வரும், அனுமதியாக வராது.

இரண்டு ஆஃபர் லெட்டர்

கப்பிள் ஹையரிங் என்று பள்ளிகள் விரும்பி எடுப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு பேருக்கு ஒரே வீட்டு வாடகைப்படி, பிள்ளைக்கு ஒரே ஒரு கட்டணச் சலுகை, நடுவருஷத்தில் ஒருவர் ஓடிப்போக மாட்டார், ஏனென்றால் இன்னொருவர் இங்கேயே மாட்டியிருப்பார். பள்ளிப் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான கணக்குதான். நம் பக்கமிருந்தும் யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆஃபர் லெட்டரும் வந்ததும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பள்ளி தன் லெட்டர்ஹெட்டில் அனுப்புவது ஒன்று, மனிதவள அமைச்சகத்தின் படிவம் இன்னொன்று. பள்ளிக் கடிதத்தில் "மொத்தச் சம்பளம்" கொட்டை எழுத்தில் இருக்கும். அமைச்சகப் படிவத்தில் வலப்பக்கம் அரபியும் இடப்பக்கம் ஆங்கிலமுமாக, நடுவில் எங்கோ ஒரு வரியில் பேசிக் சம்பளம் என்று ஓர் எண், அதற்குக் கீழே படிகள். சண்டை வந்தால் நிற்பது அமைச்சகப் படிவம்தான். அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியாகத் தமிழிலும் அந்தப் படிவம் கிடைக்கும், கேட்டால் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்பதால் கேட்பதில்லை. ஆனால் "பிற படிகள்" என்ற வரிக்குள் என்னென்ன போட்டு மூடியிருக்கிறார்கள் என்பது சொந்த மொழியில் படிக்கும்போது சட்டென்று கண்ணில் படும்.

கணவருக்கு மொத்தம் 6,500, அதில் பேசிக் 3,900 என்று இருக்கட்டும். அறுபது சதவீதம். மனைவிக்கு மொத்தம் 4,000, பேசிக் 1,600. நாற்பது சதவீதம். மாதாமாதம் வங்கியில் விழும் தொகையைப் பார்க்கும்போது 4,000 நாலாயிரம்தான், வித்தியாசமே தெரியாது. ஆறு வருஷம் கழித்துக் கிளம்பும்போது தெரியும். 1,600 பேசிக்கில் 135 நாளுக்குக் கிராஜுவிட்டி 7,200 திர்ஹாம். அதே 4,000-ல் பேசிக் 2,400 என்று எழுதியிருந்தால் 10,800. மொத்தச் சம்பளத்தில் ஒரு திர்ஹாம் கூடாமல், ஒரு வரியில் இருக்கும் எண்ணை மாற்றி எழுதியிருந்தால் போதும், 3,600 திர்ஹாம் கையில் வந்திருக்கும். எடுக்காத விடுமுறைக்குத் தரும் பணமும் பேசிக் கணக்குதான். 2023 முதல் கட்டாயமான வேலையிழப்புக் காப்பீட்டில் (பேசிக் 16,000-க்குள் இருப்பவர்கள் மாதம் 5 திர்ஹாம் கட்டுவது) வேலை போனால் 3 மாதம் வரை கிடைப்பது பேசிக்கில் 60 சதவீதம். 1,600-க்கு அது மாதம் 960 திர்ஹாம். ஷார்ஜாவில் ஓர் அறை வாடகைக்குக் காணாது.

ஒரே வேலைக்கு, அல்லது சம மதிப்புள்ள வேலைக்கு ஆண், பெண் சம்பளம் சமமாக இருக்க வேண்டும் என்பது அமீரகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரும் எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியையும் வாரத்துக்கு ஒரே எண்ணிக்கைப் பாடவேளை எடுக்கிறார்கள். மொத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தால், பேசிக் விகிதத்தையாவது கணவருக்குப் போட்டது போலவே போடச் சொல்லிக் கேட்கலாம். பள்ளிக்கு அந்த மாதமோ அடுத்த மாதமோ ஒரு செலவும் இல்லை என்பதால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய நாள். நுழைவு விசா வந்தபிறகு கேட்டுப் பயனில்லை. கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரில் உள்ளதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் போடக் கூடாது என்பது நமக்குப் பாதுகாப்பு. அதில் உள்ளதைவிடக் கூடுதலாக யாரும் தானாகத் தரப்போவதில்லை.

ஏஜென்ட் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். அமீரகப் பள்ளி விசாச் செலவையோ ஆள்சேர்ப்புச் செலவையோ ஆசிரியரிடமிருந்து பிடிக்கக் கூடாது. "தம்பதி பேக்கேஜ்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

யார் விசாவில்?

மனைவி பள்ளியின் விசாவில் வரலாம், அல்லது கணவர் ஸ்பான்சர் செய்யும் குடும்ப விசாவில் இருந்துகொண்டு பள்ளியில் வேலை பார்க்கலாம். குடும்பத்தை ஸ்பான்சர் செய்யக் கணவருக்குக் குறைந்தது 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் வேண்டும். இரண்டாவது வழியைப் பள்ளிகள் விரும்பும், விசாச் செலவு அவர்களுக்கு இல்லை. இதில் தவறொன்றும் இல்லை. ஒன்றைத் தவிர. குடும்ப விசாவில் இருந்தாலும் வேலைக்கான அனுமதி, நாம் லேபர் கார்டு என்று சொல்வது, பள்ளியின் பெயரில் எடுத்தே ஆக வேண்டும். அது இருந்தால் கிராஜுவிட்டி, விடுமுறை, மகப்பேறு விடுப்பு (60 நாள், அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதிச் சம்பளம்) எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே உண்டு. "முதல்ல சேருங்க மேம், கார்டு அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லி வகுப்பில் நிற்கவைத்தால் சட்டப்படி அவர் அங்கே வேலை பார்க்கவே இல்லை. பின்னால் கேட்கக் கையில் காகிதம் இருக்காது.

எந்த வழி நல்லது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இருவரும் ஒரே பள்ளியில், மனைவி கணவர் விசாவில் என்றால் கணவரின் வேலை போகும் நாளில் நான்கு பேரின் விசாவும் சேர்ந்து ஆட்டம் காணும். இருவரும் தனித்தனியாகப் பள்ளி விசாவில் இருந்தால் ஒருவர் வேலை போனாலும் இன்னொருவர் பெயருக்குப் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும். என் அபிப்பிராயம், முடிந்தால் இரண்டு வெவ்வேறு பள்ளிகள். ஒரே பஸ்ஸில் போகலாம், ஒரே டிபன் பாக்ஸ் என்ற வசதி போகும்தான். ஆனால் ஒரு நிர்வாகம் மாறினால், ஒரு பிரிவை மூடினால், வீட்டின் இரண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் நிற்கும் நிலை வராது.

வெவ்வேறு பள்ளி என்றால் ஊரையும் பார்த்து எடுக்க வேண்டும். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையை மாற்றியது. துபாயில் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, திங்கள் முதல் வியாழன் வரைதான் பள்ளி. அதற்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்களின் மனசில் இன்னும் பழைய வெள்ளி, சனிதான் இருக்கும். ஒருவர் துபாயில், ஒருவர் ஷார்ஜாவில் என்றால் வெள்ளிக்கிழமை பிள்ளை யாரோடு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். துபாயையும் ஷார்ஜாவையும் இணைக்கும் அல் இத்திஹாத் சாலையின் காலை நெரிசலைப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையின் வகுப்பு, வீட்டின் செக்

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஜூலை ஆகஸ்டில் கோடை விடுமுறை. ஆள் எடுப்பதும் ஏப்ரலுக்கோ, ஆகஸ்ட் கடைசிக்கோதான் அதிகம். பிள்ளை சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது அல்லது பதினொன்றில் சேரும் வருஷத்தில் கிளம்பினால் சிக்கல் குறைவு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடுகிறது, அதனால் பத்திலும் பன்னிரண்டிலும் நடுவில் நுழைவது கஷ்டம். சமச்சீர்ப் பாடத்தில் தமிழ்வழி படித்த பிள்ளையானால் அந்தப் பள்ளியில் இரண்டாம் மொழியாகத் தமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா இந்தியப் பள்ளியிலும் இருக்காது. இல்லையென்றால் இந்தியோ பிரெஞ்சோ முதலிலிருந்து, கூடவே அரபியும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. வாடகை மாதாமாதம் அல்ல, வருஷத்துக்கு இத்தனை செக் என்று முன்தேதியிட்டுக் கொடுக்க வேண்டும். செக் கொடுக்க வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டை வேண்டும், ஐடிக்கு விசா முடிய வேண்டும். இந்த வரிசையை முதல் தடவை பள்ளி விடுதியில் இருந்தபடி மெதுவாகக் கடந்திருப்பார்கள். இரண்டாம் தடவை குடும்பத்தோடு போய் இறங்கும்போது அதற்கு நேரம் இருக்காது. துபாயில் அடுக்குமாடி வீட்டுக்குத் தண்ணீர், மின்சார முன்பணம் மட்டும் 2,000 திர்ஹாம், வீட்டு முன்பணம் தனி, புரோக்கர் தனி. முதல் இரண்டு மாதத்துக்கு ஒருவர் மட்டும் போய், ஐடியும் கணக்கும் வந்தபிறகு மற்றவர்களை அழைப்பது நிம்மதி. யார் முதலில் போவது என்பதையும் பழக்கத்தால் முடிவு செய்ய வேண்டாம். யாருடைய ஆஃபர் உறுதியோ அவர்.

கிளம்பும் முன் பழைய கணக்கையும் தோண்டிப் பார்க்க வேண்டும். முன்பு விட்டுவந்த கிரெடிட் கார்டில் முடிக்காத பாக்கி, விற்றபோது பெயர் மாற்றாத கார், கட்டாத டெலிபோன் பில். அமீரகத்தின் கடன் தகவல் நிறுவனமான அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையைப் பணம் கட்டி வாங்கலாம். வங்கி பாக்கி முன்பு காவல்துறை வழக்காகவோ பயணத் தடையாகவோ ஆகியிருந்தால் அது தெரியவரும் இடம் பாஸ்போர்ட் கவுன்டராக இருக்கக் கூடாது.

இந்தியப் பக்கம்

வேலைக்காக நாட்டைவிட்டுப் போகிற வருஷத்தில், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் இருந்த நாட்கள் 182-க்குக் குறைவாக இருந்தால் அந்த வருஷம் வருமானவரிக்கு வெளிநாட்டுவாசி. ஆகஸ்ட் 25 அன்று கிளம்பினால் 147 நாள் ஆகிவிட்டது, மிச்சம் 34. டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வாரம் வந்து போகலாம், அதற்குமேல் விரல்விட்டு எண்ண வேண்டும். இங்கேயும் மனைவியின் காகிதம் தனி. 182 நாள் சலுகை வேலைக்காகப் போகிறவருக்கு. வேலை இல்லாமல் கணவரோடு குடும்ப விசாவில் போய், இரண்டு மாதம் கழித்துப் பள்ளியில் சேர்கிறவருக்கு 60 நாள் விதியை வைத்துப் பார்க்க இடம் உண்டு. அவர் அந்த வருஷத்தில் 60 நாளோ அதற்குமேலோ, முந்தைய 4 வருஷத்தில் மொத்தம் 365 நாளோ அதற்குமேலோ இங்கே இருந்திருந்தால் அந்த வருஷம் உள்நாட்டுவாசி. ஆஃபர் லெட்டர் தேதி பயணத் தேதிக்கு முன்னால் இருப்பது இதற்காகவும் நல்லது. ஆடிட்டரிடம் போகும்போது இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

ஊருக்கு வந்தபோது என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் வங்கிக் கணக்கு) சாதாரணக் கணக்காக மாற்றியிருப்பீர்கள், மாற்றியிருக்க வேண்டும். இப்போது அந்தச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றச் சொல்லி இருவருமே எழுதிக்கொடுக்க வேண்டும். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. போகும் முன் ஊரிலேயே ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அங்கே விசாவுக்கு ரத்தப் பரிசோதனையோடு அதுவும் உண்டு, எப்போதோ வந்துபோன காசநோயின் தழும்பு இருந்தால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

மெடிக்கல் முடிந்து கைரேகை வைத்தபிறகு எமிரேட்ஸ் ஐடி வரும். 784-ல் தொடங்கி, பிறந்த வருஷம், பிறகு ஏழு எண், கடைசியில் ஒன்று. பழைய அட்டையின் போட்டோ போனில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே எண்தான் இருக்கும். லேபர் கார்டில் அப்படி இல்லை. புது எண், புதுத் தேதி. மனைவியின் கார்டில் அந்தத் தேதி அவர் முதல் வகுப்பு எடுத்த நாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் போட்டோ எடுத்து இரண்டு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.